பிடித்துவைக்க எதுவுமில்லாத தொழில்

அந்தப் பிராதில் நான் கேட்டிருந்த தொகை 94,500 ரூபாய். 63 டிசைன்கள், ஒன்றுக்கு 1,500 ரூபாய் வீதம். அவிநாசி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கமாக வரும் பாகப்பிரிவினைகளோடும் புரோநோட்டு வழக்குகளோடும் வைத்துப் பார்த்தால் அது சிறிய வழக்குதான். ஆனாலும் நான் நடத்திய வழக்குகளில் இன்றுவரை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஓவியருக்கு மட்டும் அது ஏன் இவ்வளவு சுலபமாகக் கைவிட்டுப் போகிறது என்பதற்கு அந்தக் கட்டுக்குள்தான் எனக்கு விடை கிடைத்தது.

என் கட்சிக்காரரான அந்த ஓவியரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரும் எதிர்த்தரப்பின் பெயரும் இங்கே வேண்டியதில்லை.

அவர் தொழிலுக்கு வந்தது கடைகளுக்கும் லாரிகளுக்கும் பெயர் எழுதும் பெயிண்டராக. ஃப்ளெக்ஸ் அச்சு பரவியதும், ஒரு நாள் முழுக்க நின்று எழுதிய போர்டை இயந்திரம் சில நிமிடங்களில் துப்பிவிட்டது. ஊரில் இருந்த போர்டு ஆர்ட்டிஸ்டுகள் பலர் வீட்டுப் பெயிண்டிங் வேலைக்குப் போனார்கள். இவர் தூரிகையை விடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் பிரிண்ட் டிசைன் வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். அவிநாசியில் வாடகை வீடு. முன்னறையில் ஒரு மேசை, ஐவரி போர்டு அட்டைகள், போஸ்டர் கலர் புட்டிகள். படத்தைக் கையால் வரைந்து, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, மெயிலில் அனுப்புவார்.

இந்தத் தொழிலில் வரவு எப்படி வரும் என்பதை முதல் நாள் அவர் விளக்கியது எனக்குப் பாடமாக இருந்தது. கம்பெனிக்குப் பத்துப் படம் கொண்டுபோய்க் காட்டினால் இரண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். மீதி எட்டுக்கு உழைத்த நேரமும் கலரும் அவர் கணக்கு. தேர்வான இரண்டும் வெளிநாட்டு பையருக்குப் போகும். அங்கே அப்ரூவல் ஆனால்தான் காசு. அப்ரூவல் வருவதற்குள் "காது கொஞ்சம் பெருசாக்குங்க, கலரை மாத்துங்க" என்று மூன்று நான்கு தடவை திருத்தச் சொல்வார்கள். திருத்தத்துக்குத் தனியாகக் கூலி இல்லை. ஷிப்மெண்ட் சீசனில் ராத்தூக்கம் கிடையாது. சீசன் முடிந்தால் இரண்டு மூன்று மாதம் ஃபோனே வராது. அந்த மாதங்களில் பள்ளிச் சுவர்களில் படம், கல்யாண மண்டபத்தில் பின்னணித் திரை, கோயில் வேலையில் கலர் தொடுவது. அதுவும் இல்லையென்றால் மனைவி மகளிர் குழுவில் வாங்கிய கடன்தான் குடும்பத்தை ஓட்டும். வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், இல்லாவிட்டால் வருமான வரி ரிட்டர்ன் கேட்கிறார்கள். இரண்டும் இல்லாதவருக்குத் தண்டல்காரர்தான் கடன் தருவார்.

கடனும் பாக்கியும் ஒரே காலத்தில் வளர்ந்தன. அவருக்கு வர வேண்டிய பணத்துக்கு வட்டி இல்லை, அவர் கொடுக்க வேண்டிய பணத்துக்கு நாள் வட்டி. பனியன் கம்பெனியின் நடப்பு மூலதனத்தில் ஒரு பங்கு இந்த ஓவியர் வீட்டு அடுப்பிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பதுதான் நான் அந்தக் கணக்கைப் பார்த்தபோது கண்ட உண்மை.

எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுங்கன்னு கேட்டா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க வக்கீலய்யா. 'ஏனப்பா, எங்களை நம்ப மாட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. அதுக்கு மேல நாம என்னத்தப் பேசறதுங்க?"

அவரிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, படத்தின் அடையாளம், அப்ரூவல் ஆனதா என்று தன் கையால் எழுதி வைத்திருந்தார். "பூனை, மழைக்கொடை." "ஆந்தை, நிலா." "நாய்க்குட்டி, சைக்கிள்." அந்தக் கம்பெனியிடம் மட்டும் 71 டிசைன்களுக்குப் பணம் பாக்கி. பழையது நான்கு வருடத்துக்கு முந்தியது.

இங்கேதான் சட்டத்தின் முதல் கதவு மூடியது. பணம் கொடுக்கத் தேதி குறிக்காமல் செய்து கொடுத்த வேலையின் கூலிக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 18ஆம் இனம் அதுதான் சொல்கிறது. மூன்று ஆண்டு தாண்டினால், கடன் நியாயமானதாக இருந்தாலும் நீதிமன்றம் கேட்காது. அவிநாசி ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது கடினம். குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பாடி மீட்ட தலம் இது. வந்த பிள்ளை போன வயதில் வரவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பது தலபுராணம். முதலோடு வட்டியும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதைப் போன்ற நீதி அது. நம் சட்டத்தில் முதலே மூன்று ஆண்டுக்கு மேல் நிற்காது.

ஆனால் காலவரையறைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு வாசலும் உண்டு. மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் கடனில் ஒரு பகுதியைக் கொடுத்து, அதை அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், 19ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பக்கத்தின் கீழ்ப் பாதியில் கையெழுத்து மாறியிருந்தது. நீல மையில், சாய்ந்த எழுத்தில், "பழைய டிசைன் பாக்கியில் பத்தாயிரம் கொடுத்தது" என்று எழுதி, தேதி போட்டு, கம்பெனி மேனேஜர் கையெழுத்திட்டிருந்தார். தீபாவளிக்கு முந்தைய நாள் கெஞ்சிக் கேட்டபோது கொடுத்த பணமாம். அந்த ஒற்றை வரி, காலாவதியாகியிருக்க வேண்டிய பல டிசைன்களை உயிரோடு நிறுத்தியது. அதற்கும் முன்னால் காலம் கடந்துவிட்ட எட்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

"அந்த எட்டும் போச்சுங்களா?" என்று கேட்டார். போயிற்று என்று சொன்னேன். நோட்டை வாங்கி அந்த எட்டுப் பெயர்களையும் ஒருமுறை படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது செலவு. அப்போது தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாய். 2017இல்தான் அது மூன்று ரூபாயாகக் குறைந்தது. 94,500 ரூபாய்க்கு ஏழாயிரத்துச் சொச்சம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஏறக்குறைய ஐந்து டிசைனுக்கான கூலி. பணம் வராததால் நீதிமன்றம் வருகிறவரிடம் வாசலிலேயே பணம் கேட்கும் ஏற்பாடு இது. மனைவியின் தோடு அடகுக்குப் போனது. வழக்குப் போடுவதற்கு முன் நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸில் வட்டியும் கேட்டிருந்தேன். 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டப்படி, வட்டி பேசிக்கொள்ளாத கடனுக்கு, எழுத்தில் கோரிய நாளிலிருந்துதான் வட்டி கேட்க முடியும். நோட்டீஸ் அனுப்பத் தயங்கும் ஒவ்வொரு மாதமும் கடன்காரருக்கு இலவசம் என்பதை நம் கலைஞர்கள் அறிய வேண்டும்.

பதில் நோட்டீஸில் இரண்டு வாதங்கள் வந்தன. ஒன்று, இவர் எங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், சம்பளம் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு, பாக்கி என்று சொல்லும் படங்கள் எல்லாம் ரிஜெக்ட் ஆனவை.

முதல் வாதம் பார்ப்பதற்குச் சாதாரணம், உள்ளே கூர்மையானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்கி, பிறகு விலக்குகளை அடுக்குகிறது. வேலைக்காரராக இருந்து, வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் உரிமை முதலாளிக்கு. ஆக, "சம்பளக்காரர்" என்ற ஒரு சொல்லில் கூலியும் போகும், படத்தின் மீதான உரிமையும் போகும்.

மேனேஜர் கூண்டில் ஏறியபோது நான் கேட்டவை சின்னக் கேள்விகள். இவருடைய ஈ.எஸ்.ஐ. எண் என்ன? இல்லை. பி.எஃப். எண்? இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டா? "பார்த்துச் சொல்லணும்." பிறகு 26ஏஎஸ் படிவத்தைக் காட்டினேன். அவருடைய பான் எண்ணில் ஒரு நிதியாண்டில் அந்தக் கம்பெனி வரி பிடித்திருந்தது. பிடித்த பிரிவு 194சி. ஒப்பந்த வேலைக்காரருக்குப் பிடிக்கும் பிரிவு அது. சம்பளக்காரராக இருந்தால் 192இல் அல்லவா பிடித்திருக்க வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் தன் வக்கீலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜாப் ஒர்க் மாதிரிதான்" என்றார். முதல் வாதம் அங்கே முடிந்தது. தனக்கு வரி பிடித்திருக்கிறார்கள் என்பதே ஓவியருக்குத் தெரியாது. பான் அட்டை எடுத்தது சிலிண்டர் மானியத்துக்கோ எதற்கோ என்று நினைத்திருந்தார்.

இரண்டாவது வாதத்துக்கு விடை காதர்பேட்டையில் கிடைத்தது. திருப்பூரில் ஏற்றுமதி போக மிஞ்சிய பனியன்களும் சட்டைகளும் விலைக்கு வரும் சந்தை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே ஒரு குழந்தைச் சட்டையைக் கண்டெடுத்தார். நிலாவில் உட்கார்ந்த ஆந்தை. அசல் அட்டையில் அந்த ஆந்தையின் இடது இறக்கை நுனியில் தூரிகை காய்ந்து கோடு மூன்றாகப் பிரிந்திருந்தது. சட்டையிலும் அதே இடத்தில் கோடு மூன்றாகப் பிரிந்திருந்தது. பிரிண்டிங் ஸ்கிரீன் அந்தக் காய்ந்த இழுப்பைக்கூட விடாமல் ஏற்றியிருந்தது. அட்டையையும் சட்டையையும் பக்கம் பக்கமாக வைத்துக் குறியீடு செய்தோம். நீதிபதி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். ரிஜெக்ட் ஆன படம் சட்டையில் எப்படி வந்தது என்று நான் கேட்கும் முன்பே அவரே கேட்டார். இலவசமாகத் தரும் எண்ணமின்றி ஒருவர் செய்ததன் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. எழுத்து இல்லாத கலைஞருக்கு அந்தச் சட்டத்தில் கிடைக்கும் பெரிய துணை அதுதான்.

மெயில்களுக்கும் ஒரு தடை வந்தது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அன்வர் வழக்கில், மின்னணு ஆவணத்தின் அச்சுப் பிரதியைத் தாக்கல் செய்தால் அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றும் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. பிரவுசிங் சென்டர்காரர் கடையை மூடிவிட்டு வந்து அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதற்கு அவர் ஒரு பைசாகூட வாங்கவில்லை.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோது ஓவியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கூலி கேக்கறோமுங்க. ஆனா படம் எம்படமுங்களே. அத ஆயிரக்கணக்குல அடிச்சு வித்திருக்காங்க. அதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் கசப்பானது. ஒருவர் பணம் தருவதாகச் சொல்லி வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். 17ஆம் பிரிவின் இன்னொரு விலக்கு இது. தானாக வரைந்து கொண்டுபோய்க் காட்டியவை வேறு. அவற்றின் உரிமை, எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்காதவரை, அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ஓவியரிடமே நிற்கும். இவருடைய படங்களில் இரண்டு வகையும் கலந்திருந்தன, எது எந்த வகை என்று நோட்டில் இல்லை.

அதையும் தாண்டினால் 15ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழிற்சாலை முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருள்களில் ஏற்றிவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துபோகும். சோபாத் துணியின் பூ வேலைப்பாடு பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் துணி டிசைன்காரர்களுக்கு எதிராகவே இதைப் பொருள்கொண்டது. ஒரு படைப்பு தூய கலைப்படைப்பா, அல்லது அதிலிருந்து பொருளுக்காக எடுத்த டிசைனா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை உச்ச நீதிமன்றம் கிரையோகாஸ் வழக்கில் விளக்கியதே 2025 ஏப்ரலில்தான். டி-ஷர்ட்டில் ஐம்பது என்பது ஒரு காலை நேர வேலை. தவிர, பதிப்புரிமை வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அடகு வைக்க இன்னொரு தோடு இல்லை. கூலியை மட்டும் பிடித்து நிற்போம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

பேரும் புகழும் உள்ள கலைஞருக்கே இந்தப் பாதை நீளம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அரசு கேட்டுச் செய்வித்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றி, சிதைத்து, கிடங்கில் போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கவும் ஆணையிட்டது. படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கப் படைத்தவருக்குத் தனி உரிமை உண்டு என்பதை நிலைநாட்டிய பெரிய தீர்ப்பு அது. ஆனால் சிற்பம் இறங்கியதற்கும் தீர்ப்புக்கும் நடுவே 26 ஆண்டுகள்.

வழக்கு நடந்த காலத்தில் கம்பெனி முதலாளியோடும் பேச நேர்ந்தது. அவர் கொடுமைக்காரர் இல்லை. ஒரு பையர் ஆர்டரைப் பாதியில் நிறுத்தியிருந்தார், அனுப்பிய சரக்குக்கும் தள்ளுபடி கேட்டுப் பணத்தைப் பிடித்துவைத்திருந்தார். வந்த பணத்தை முதலாளி யாருக்கு முதலில் கொடுத்தார் என்று பார்த்தபோதுதான் என் கேள்விக்கு விடை தெரிந்தது. நிட்டிங்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட் மூவருக்கும் கொடுத்திருந்தார். ஏனென்றால் அவர்கள் கையில் துணி இருந்தது. சாயம் போட்ட கூலி வரும்வரை துணியைத் தர மாட்டேன் என்று சொல்லும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்காரருக்குக் கொடுக்கிறது. அவர் அந்தப் பிரிவைப் படித்திருக்க வேண்டியதே இல்லை. கதவைப் பூட்டினால் போதும், ஷிப்மெண்ட் நிற்கும், பணம் வரும்.

ஓவியரிடம் பூட்ட என்ன இருந்தது? படம் மெயிலில் போய்ச் சேர்ந்த நிமிடமே அவர் கை காலி. பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளை விற்கிறவர் அவர். ஆகவே எல்லோருக்கும் கொடுத்து மீதி இருந்தால் அவருக்கு. ஓவியனை மதிக்காத சமூகம் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். அந்த முதலாளி இவருடைய படங்களை மெய்யாகவே ரசித்தவர். மதிப்பு இருந்தது, பணம்தான் வரவில்லை. பிடித்துவைக்க எதுவுமில்லாத தொழிலில் மதிப்பு பணமாக மாறுவதில்லை.

வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் 85,000 ரூபாய்க்கு, இரண்டு தவணையாக, சமரசம் ஆனது. முழுத் தொகைக்கும் டிக்ரி வாங்கியிருக்கலாமே என்று சக வக்கீல்கள் கேட்டார்கள். டிக்ரி கையில் வந்தபின் நிறைவேற்று மனு, அதற்கு ஆட்சேபணை, மேல்முறையீடு என்று இன்னும் ஆண்டுகள் போகும். அதற்குள் கம்பெனி பெயர் மாறிவிடலாம். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை, அது டிக்ரிக்குச் சமம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கலைஞரின் பொருளாதாரத்தில் நாளை வரும் தொண்ணூறாயிரத்தைவிட இன்று வரும் எண்பத்தைந்தாயிரம் பெரியது. அசல் அட்டைகளில் கம்பெனியிடம் இருந்தவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை அவரே கேட்டுச் சேர்க்கச் சொன்னார்.

விலையும் இருந்தது. வழக்குப் போட்டவர் என்று தெரிந்ததும் வேறு இரண்டு கம்பெனிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்கினார். மாதாமாதம் வரும் பணம் என்பதை அந்த வகுப்புதான் அவருக்கு முதல்முறையாகக் காட்டியது. டிசைன் வேலையையும் விடவில்லை. இப்போது தண்ணீர்க்குறி போட்ட சிறிய படத்தைத்தான் காட்டுவார். பாதிப் பணம் வந்தபிறகு வண்ணம், முழுப் பணம் வந்தபிறகு முழு அளவு ஃபைல். பில்லில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரிகள் இருக்கும். பணம் 15 நாளில் தர வேண்டும், முழுப் பணம் வரும்வரை படத்தின் பதிப்புரிமை ஓவியருடையது. இதைப் பார்த்துவிட்டு வேலையே வேண்டாம் என்று போகிறவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர்களிடம்தான் முன்பு பாக்கி விழுந்ததாக அவர் சொல்கிறார்.

தங்கள் கலைக்கு வெளியே ஒரு வரவை உண்டாக்கிக்கொள்வதும் கலைஞர்களுக்குப் புதிதல்ல. கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்ட, சென்னைக் கலைஞர்கள் பாத்திக் துணி வேலைப்பாடுகளை விற்றுச் சேர்த்த பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொள்ள, ஓவியம் தன் போக்கில் நடந்தது. ஆனால் அங்கே பல பேர் சேர்ந்து நின்றார்கள். அவிநாசியில் வாடகை வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பவர் தனி ஆள்.

அந்தத் தனி ஆளுக்கு இன்று கிடைக்கக்கூடிய கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் இணையத்தில் முடியும். வேலை எடுக்கும் முன்பே பதிந்து வைப்பது நல்லது. சேவை செய்கிறவர்களும் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. நீதிமன்றம் போகாமல் வசதியாக்க மன்றத்தில் மனுப் போடலாம். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதி இன்னும் கூர்மையானது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, பணத்தைக் கொடுக்கும்வரை அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. மார்ச் மாதம் ஆடிட்டரே "அந்த ஆர்ட்டிஸ்ட் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல வைக்கும் விதி அது.

இவ்வளவும் இருந்தும் ஓவியர் முதல் நாள் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. எழுதிக் கேட்டால் அடுத்த வேலை இல்லை. "எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஓவியருக்கு அறிவுரை சொல்வது சுலபம், நானும் சொல்கிறேன். ஆனால் தேவையில் இருப்பவரைப் பார்த்து, வேலை கொடுப்பவரிடம் நிபந்தனை போடு என்று சொல்லும் அறிவுரைக்கு ஒரு எல்லை உண்டு. எழுத்தின் பொறுப்பு வேலை கொடுப்பவர் தலையில் இருக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2017 மே மாதத்திலிருந்து அதைத்தான் செய்கிறது. தனியாகத் தொழில் செய்பவரிடம் 800 டாலருக்கோ அதற்கு மேலோ வேலை வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளில் பணம், மீறினால் இரட்டிப்பு இழப்பீடு. பணம் கேட்டதற்காக அடுத்த வேலையைத் தராமல் பழிவாங்குவதும் அங்கே சட்ட மீறல். வரையச் சொன்னவருக்கே உரிமை என்ற விதி நமக்குப் பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்தது. அவர்கள் தங்கள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள், நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வைத்த மாநிலம். 2023இல் உணவு விநியோகிப்போர் போன்ற இணையத் தொழிலாளர்களுக்கும் வாரியம் அமைத்தது. வாரியம் உதவித்தொகை கொடுக்கும், வராத கூலியை வாங்கிக் கொடுக்காது. ஒப்பந்தம் என்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டமன்றமே இதில் சட்டம் இயற்றலாம், மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் போதும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஓவியம், டிசைன், எழுத்து, இசை எதையும் தனி ஆளிடம் வாங்குபவர் ஒரு பக்க ஒப்பந்தம் தர வேண்டும், தராவிட்டால் கலைஞர் சொல்லும் கூலியே பேசிய கூலி என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்கள் சட்டத்தில் ஏறினால் போதும். சாயப்பட்டறைக்காரருக்குத் துணி இருப்பதைப்போல் ஓவியருக்கும் கையில் பிடித்துவைக்க ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பை நம் ஓவியர்கள் மீது மட்டும் விடாமல், நீதிமன்றங்களில் அவர்களுக்காக நிற்கும் வக்கீல்களாகிய நாங்களும் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.